பொத்தானின் வாசகமும் செயலும்

மேசைக் கணினிச் செயலியின் திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் பயனர் படிக்கும் வாசகம் ஒன்றும், அழுத்தியவுடன் நிரல் ஆற்றும் செயல் ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் விருப்பப்படி மாற்றியமைப்பதும், வாசகம் மாறினாலும் செயல் பிறழாதவாறு அவற்றைப் பிணைப்பதும் இந்த அத்தியாயத்தில் விளக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டுகள் அனைத்தும் பைத்தான் மொழிக்கான பைசைடு6 தொகுப்பைச் சார்ந்தவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் க்யூட் என்னும் இடைமுகக் கருவித்தொகுதியைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த இத்தொகுப்பு உதவுகிறது. கட்டளைப் பெயர்கள் இங்கே ஒலிபெயர்ப்பாகத் தரப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சிட வேண்டும்.

வாசகத்தைத் தேர்தல்

பொத்தானின் வாசகம் வினைச்சொல்லாக இருப்பதே நலம். ‘சேமி’, ‘அச்சிடு’, ‘தேடு’, ‘நீக்கு’ போன்றவை எல்லாச் சூழலிலும் தம் பொருளைத் தாமே சொல்லிவிடுகின்றன. ‘சரி’ என்பதோ மேலே உள்ள கேள்வியைப் படித்தவருக்கு மட்டுமே பொருள் தருகிறது, பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை.

தமிழில் வாசகம் எழுதுவோருக்கு ‘சேமி’ என்று எழுதுவதா, மரியாதை கருதிச் ‘சேமிக்கவும்’ என்று எழுதுவதா என்ற தயக்கம் எழுவதுண்டு. பொத்தான் என்பது பயனர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை என்பதால் ‘சேமி’ என்பதே பொருந்தும். ‘சேமிக்கவும்’ என்றால் இயந்திரம் பயனரைப் பார்த்து வேண்டிக்கொள்வதுபோல் ஆகிவிடும். மரியாதை வடிவம், ‘கோப்பின் பெயரை உள்ளிடவும்’ என்பதுபோல் பயனரை நோக்கிய அறிவிப்புகளுக்கு உரியது.

வாசகத்தை உண்மையான பயனர்களிடம் காட்டிச் சோதிப்பது வீண்வேலை அன்று. 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினி உருவாகிக்கொண்டிருந்தபோது, உறுதிசெய்யும் பொத்தானில் ‘செய்’ என்ற பொருள்பட ‘டூ இட்’ என்று எழுதப்பட்டிருந்தது. சோதனைக்கு வந்தவர்களுள் சிலர் இரு சொற்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் கவனிக்காமல், மடையன் என்று பொருள்படும் ‘டோல்ட்’ என்று அதைப் படித்துத் திகைத்தனர். அதன் பிறகே அந்த இடத்தில் ‘ஓகே’ வந்தது.

குறிப்பு: ‘ரத்து’ என்ற சொல் இரட்டைப் பொருள் தரும் இடங்களில் தவிர்க்கப்பட வேண்டும். ‘பயணச்சீட்டை ரத்து செய்யலாமா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரு பொத்தான்கள் நின்றால், இரண்டாவது எதை ரத்து செய்யும் என்பது எவருக்கும் விளங்காது. ‘சீட்டை ரத்து செய்’, ‘சீட்டை வைத்திரு’ என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை.

வாசகத்தை நிரலில் இடுதல்

1. க்யூபுஷ்பட்டன் இனக்குழுவிலிருந்து பொத்தானை உருவாக்கும்போதே அடைப்புக்குறிக்குள் வாசகத்தைத் தந்துவிடலாம். பின்னர் மாற்ற வேண்டுமானால் செட்டெக்ஸ்ட் கட்டளை பயன்படும். பைத்தான் 3 நிரல் கோப்புகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதாகவே கொள்வதால், தமிழ் வாசகத்தை மேற்கோளுக்குள் நேரடியாக எழுதலாம்.

2. பொத்தானைக் குறிக்கும் மாறிக்கு வாசகத்தைச் சாராத, செயலைச் சொல்லும் பெயரை இட வேண்டும். வரைவுக் கருவியான க்யூட் டிசைனர் தானாகத் தரும் ‘புஷ்பட்டன்_2’ போன்ற பெயர்களை முதல் நாளே மாற்றிவிடாவிட்டால், பத்துப் பொத்தான்கள் சேர்ந்தபின் எது எதுவென்று கண்டறிவதே தனி வேலையாகிவிடும்.

3. விசைப்பலகையால் பொத்தானை இயக்கும் வசதி வேண்டுமானால், உரிய எழுத்துக்கு முன் & குறியை இட வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆல்ட் விசையுடன் அந்த எழுத்தை அழுத்தினால் பொத்தான் இயங்கும். மேக் கணினியில் இவ்வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். & குறியையே திரையில் காட்ட விரும்பினால் அதை இருமுறை இட வேண்டும்.

4. தமிழ் எழுத்துக்கு முன் & இட்டால், பயனரின் விசைப்பலகை அந்த நேரத்தில் தமிழ்99 போன்ற தமிழ் அமைப்பில் இருந்தாலொழியக் குறுக்குவிசை எட்டாது. சீன, சப்பானிய மொழிச் செயலிகளில் வாசகத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து அதற்கு & இடும் வழக்கம் உள்ளது; தமிழுக்கும் அதுவே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றது.

5. செட்ஷார்ட்கட் கட்டளையால் தனிக் குறுக்குவிசை தருவதாயின், வாசகத்தை இட்ட பிறகே அதைத் தர வேண்டும். செட்டெக்ஸ்ட் ஒவ்வொரு முறையும் பழைய குறுக்குவிசையை அழித்துவிட்டு, புதிய வாசகத்தில் & இருந்தால் அதிலிருந்து ஒன்றை அமைத்துக்கொள்கிறது. மொழியை மாற்றியவுடன் குறுக்குவிசைகள் மாயமாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

6. பொத்தானின் அகலத்தை எண்ணால் நிலைநிறுத்தலாகாது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் அடங்கும் சொல் தமிழில் அதைப்போல் இருமடங்கு இடம் கேட்கக்கூடும். பொத்தானைத் தளவமைப்புக்குள் வைத்து, குறைந்தபட்ச அகலத்தை மட்டும் குறிப்பிட்டால் மீதியைக் க்யூட் பார்த்துக்கொள்ளும்.

7. படம் மட்டுமே உள்ள பொத்தானுக்குச் செட்அக்செசிபிள்நேம் கட்டளையால் ஒரு பெயரைத் தர வேண்டும். பார்வைக் குறைபாடு உடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தப் பெயரையே ஒலிக்கிறது. அது இல்லாவிட்டால் வெறுமனே ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும்.

செயலை இணைத்தல்

பொத்தான் அழுத்தப்பட்டதும் க்யூட் ‘கிளிக்ட்’ என்னும் சிக்னலை வெளியிடுகிறது. சிக்னல் என்பது ஒரு நிகழ்வு நடந்துவிட்டது என்ற அறிவிப்பு. அதைக் கேட்டு இயங்க வேண்டிய செயற்கூறு கனெக்ட் கட்டளையால் இணைக்கப்படுகிறது.

1. முதலில் செயலைத் தனிச் செயற்கூறாக எழுதி, பொத்தான் இல்லாமலேயே அதை அழைத்துச் சோதிக்க வேண்டும்.

2. சாளரத்தை உருவாக்கும் தொடக்கச் செயற்கூற்றில், பொத்தானின் கிளிக்ட் சிக்னலோடு அதை ஒரே ஒரு முறை இணைக்க வேண்டும்.

3. செயல் வெற்றியா தோல்வியா என்பதைச் செயற்கூறு மெய், பொய் மதிப்பாகத் திருப்பித் தர வேண்டும். இதன் பயன் பின்னர்ச் சாளரத்தை மூடும் இடத்தில் தெளிவாகும்.

பிழைகள் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நேர்கின்றன. அவற்றுள் முதன்மையானது, செயற்கூற்றின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளையும் சேர்த்து எழுதிவிடுவது. அப்படி எழுதினால், சாளரம் திறக்கும்போதே செயல் ஓடி முடிந்து, அது திருப்பித் தந்த மதிப்பு இணைப்புக்குப் போகிறது. நிரல் பிழைச் செய்தியோடு நின்றால் நல்லது, ஆனால் அதற்குள் நீக்கும் செயல் ஒன்று ஓடியிருந்தால் இழப்பு நேர்ந்தாயிற்று. கனெக்ட் கட்டளைக்குச் செயற்கூற்றின் பெயர் மட்டுமே தரப்பட வேண்டும்.

மடக்கு ஒன்றுக்குள் பல பொத்தான்களை உருவாக்கும்போது வேறொரு பிழை காத்திருக்கிறது. அண்மையில் திறந்த பத்துக் கோப்புகளுக்குப் பத்துப் பொத்தான்களை உருவாக்கி, லாம்டா எனப்படும் பெயரில்லாச் செயற்கூற்றால் ஒவ்வொன்றையும் இணைத்தால், எதை அழுத்தினாலும் பத்தாவது கோப்பே திறக்கும். லாம்டா மாறியின் மதிப்பைத் தன்னுள் பதித்துக்கொள்ளாமல், அழுத்தப்படும் நேரத்தில்தான் மாறியைத் தேடிச் செல்கிறது. அதற்குள் மடக்கு முடிந்து மாறி கடைசிப் பெயரில் நின்றிருக்கும். கோப்பின் பெயரை லாம்டாவின் அளபுருவுக்கு முன்னிருப்பு மதிப்பாகத் தந்தால் இது தீரும். ஆனால் கிளிக்ட் சிக்னல் தன்னுடன் ஒரு மெய்-பொய் மதிப்பையும் அனுப்புவதால், முதல் அளபுருவை அதற்கென ஒதுக்கிவிட்டுக் கோப்பின் பெயரை இரண்டாவதாக வைக்க வேண்டும். இல்லையேல் கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பொய்’ வந்து அமர்ந்துவிடும்.

ஓர் அழுத்தத்துக்குச் செயல் இருமுறை ஓடினால், இணைப்பு இருமுறை போடப்பட்டிருக்கிறது என்று பொருள். டிசைனரில் வரைந்த சாளரங்களில், ‘ஆன்’ என்று தொடங்கிப் பொத்தானின் பெயரையும் சிக்னலின் பெயரையும் அடிக்கோடுகளால் கோத்த செயற்கூற்றைக் க்யூட் தானே இணைத்துவிடுகிறது. இதை அறியாமல் கனெக்ட் கட்டளையையும் எழுதுவோர், இரண்டு ரசீதுகள் அச்சாகி வரும்போதுதான் விழித்துக்கொள்வர். தானியங்கி இணைப்பில் எழுத்துப்பிழை நேர்ந்தால் பொத்தான் உயிரற்றுக் கிடக்கும் என்பதால், வெளிப்படையாக இணைக்கும் முறையே மேலானது.

குறிப்பு: அழுத்தினால் அமிழ்ந்து நிற்கும் வகைப் பொத்தானுக்கு ‘டாகிள்ட்’ என்னும் மற்றொரு சிக்னலும் உண்டு. நிரல் தானே பொத்தானின் நிலையை மாற்றும்போதும் டாகிள்ட் வெளியாகும், கிளிக்ட் வெளியாகாது. பயனரின் அழுத்தத்துக்கு மட்டும் எதிர்வினை வேண்டுமானால் கிளிக்ட் சிக்னலையே பயன்படுத்த வேண்டும்.

வாசகத்தைக் கொண்டு முடிவெடுத்தல் கூடாது

பல பொத்தான்களை ஒரே செயற்கூற்றோடு இணைத்து, அழுத்தப்பட்ட பொத்தானின் வாசகத்தைப் படித்து, அது ‘சேமி’ என்றால் இதைச் செய், ‘மூடு’ என்றால் அதைச் செய் என்று எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. குறுகிய நிரலில் இது எளிமையாகத் தோன்றினாலும், ‘சேமி’ என்பதைச் ‘சேமித்து வை’ என்று ஒருவர் திருத்திய அன்றே நிரல் முடங்கிவிடும். வாசகம் மனிதருக்கானது, நிரல் தன் அடையாளத்துக்கு மாறியின் பெயரையோ, பொருளுக்கு இடும் பெயரையோ நாட வேண்டும்.

தமிழ் வாசகங்களில் இந்த ஆபத்து இன்னும் நுட்பமானது. ‘கோப்பு’ என்ற சொல்லில் உள்ள ‘கோ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இரு வகையாகச் சேமிக்க இயலும்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. யூனிகோடு தரம் இரண்டையும் நிகரானவையாகக் கொள்கிறது, திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆனால் பைத்தானின் ஒப்பீட்டில் அவை வெவ்வேறு சரங்கள். ஒருவர் ஒரு விசைப்பலகை மென்பொருளால் எழுதிய வாசகமும், மற்றவர் வேறொன்றால் எழுதிய ஒப்பீட்டு வரியும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. பயனர் தட்டச்சிட்ட தமிழ்ச் சொற்களை ஒப்பிட்டே ஆக வேண்டிய இடங்களில், பைத்தானின் யூனிகோட்டேட்டா நிரல்கூற்றில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றால் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பொத்தான்களைப் பொறுத்தவரை ஒப்பிடாமல் இருப்பதே வழி.

மூன்று பொத்தான் பெட்டி: ஒரு முழு எடுத்துக்காட்டு

சேமிக்கப்படாத மாற்றங்களுடன் பயனர் உரைத் தொகுப்பான் ஒன்றை மூட முயல்கிறார். நிரல் அவரிடம் கேட்க வேண்டும். பெட்டியில் ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’, ‘எழுதத் திரும்பு’ என்னும் மூன்று பொத்தான்கள் வேண்டும். இத்தகைய பெட்டிக்குக் க்யூமெசேஜ்பாக்ஸ் என்னும் இனக்குழு ஆயத்த நிலையில் கிடைக்கிறது. அதிலுள்ள நிலையான பொத்தான்களின் வாசகங்கள் க்யூட்டின் மொழிபெயர்ப்புக் கோப்புகளிலிருந்து வருவன; பொருத்தமான கோப்பு ஏற்றப்படாவிட்டால் அவை ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆகவே சொந்த வாசகத்துடன் பொத்தான்களைச் சேர்ப்பதே இங்குப் பின்பற்றப்படுகிறது.

1. பெட்டியை உருவாக்கும்போது முதன்மைச் சாளரத்தை அதன் பெற்றோராகத் தர வேண்டும். இல்லையேல் பெட்டி சாளரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடும்.

2. கேள்வியைச் செட்டெக்ஸ்ட் கட்டளையாலும், விளைவைச் செட்இன்ஃபர்மேட்டிவ்டெக்ஸ்ட் கட்டளையாலும் எழுத வேண்டும். மேக் கணினியில் இப்பெட்டியின் தலைப்பு காட்டப்படுவதில்லை என்பதால், இன்றியமையாத எதையும் தலைப்பில் வைக்கலாகாது. கேள்வியில் கோப்பின் பெயரும் இடம்பெறுவது நல்லது. நான்கு சாளரங்களை ஒருங்கே மூடும் ஒருவருக்கு ‘இந்தக் கோப்பு’ என்பது எதையும் சொல்வதில்லை.

3. ஆட்பட்டன் கட்டளையால் மூன்று பொத்தான்களையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் வாசகத்தோடு ‘பங்கு’ ஒன்றையும் தர வேண்டும். பங்கு என்பது அந்தப் பொத்தான் பெட்டியில் என்ன வேலைக்கு நிற்கிறது என்பதைக் க்யூட்டுக்குச் சொல்லும் குறிப்பு. ‘சேமி’ ஏற்புப் பங்கையும், ‘சேமிக்காமல் மூடு’ அழிப்புப் பங்கையும், ‘எழுதத் திரும்பு’ மறுப்புப் பங்கையும் பெறுகின்றன. நிரலில் இவை முறையே அக்செப்ட்ரோல், டிஸ்ட்ரக்டிவ்ரோல், ரிஜெக்ட்ரோல் எனப்படும். பொத்தான்களை இடமிருந்து வலமாக நிரலரே வரிசைப்படுத்த முயலலாகாது. விண்டோஸ் ஏற்புப் பொத்தானை மறுப்புக்கு இடப்புறம் வைக்கிறது. மேக் அதை வலக்கோடியில் வைக்கிறது. பங்கைச் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தந்த அமைப்பின் வழக்கத்தைக் க்யூட் பின்பற்றும்.

4. ஆட்பட்டன் திருப்பித் தரும் பொத்தானைத் தனித்தனி மாறிகளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. செட்டிஃபால்ட்பட்டன் கட்டளையால் ‘சேமி’யை இயல்புப் பொத்தானாக்க வேண்டும், என்டர் விசை அதை இயக்கும். எதையும் அழிக்கும் பொத்தான் இந்த இடத்துக்கு வரவே கூடாது.

6. செட்எஸ்கேப்பட்டன் கட்டளையால் ‘எழுதத் திரும்பு’ பொத்தானை எஸ்கேப் விசைக்கு உரியதாக்க வேண்டும். மறுப்புப் பங்குடைய பொத்தான் ஒன்றே ஒன்று இருந்தால் க்யூட் தானே அதைத் தேர்ந்துகொள்ளும்; எதையும் தேர இயலாதபோது எஸ்கேப் விசை வேலை செய்யாது. வெளிப்படையாக எழுதிவிட்டால், நாளை நான்காவது பொத்தான் சேர்ந்தாலும் நடத்தை மாறாது.

7. எக்செக் கட்டளையால் பெட்டியைக் காட்டியபின், அது திருப்பித் தரும் எண்ணை நம்பாமல், கிளிக்ட்பட்டன் கட்டளை தரும் பொத்தானை நான்காம் படியில் வைத்த மாறிகளோடு ஒப்பிட வேண்டும். சொந்த வாசகமுடைய பொத்தான்களுக்கு எக்செக் தரும் எண்ணில் பொருள் இல்லை.

8. இவை அனைத்தையும் சாளரத்தின் குளோஸ்ஈவன்ட் செயற்கூற்றுக்குள் எழுதி, மூட வேண்டுமானால் நிகழ்வை ஏற்கவும், வேண்டாமெனில் புறக்கணிக்கவும் வேண்டும்.

எச்சரிக்கை: ‘சேமி’ அழுத்தப்பட்டது என்பதாலேயே சாளரத்தை மூடிவிடலாகாது. வட்டு நிறைந்திருக்கலாம், கோப்பு படிப்பதற்கு மட்டும் எனப் பூட்டப்பட்டிருக்கலாம், புதிய கோப்புக்குப் பெயர் கேட்கும் பெட்டியில் பயனர் மனம் மாறித் திரும்பியிருக்கலாம். சேமிக்கும் செயற்கூறு மெய் என்று தந்தால் மட்டுமே நிகழ்வை ஏற்க வேண்டும். பொய் என்று தந்தால் சாளரம் திறந்தே இருக்க வேண்டும். பயனரின் உழைப்பு காணாமற்போவது பெரும்பாலும் இந்த ஒரு வரியின் கவனக்குறைவால்தான். சேமிக்கும்போது க்யூசேவ்ஃபைல் இனக்குழுவைப் பயன்படுத்தினால், உள்ளடக்கம் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதப்பட்டு, கமிட் கட்டளை வெற்றியடைந்த பின்னரே பழைய கோப்பின் இடத்துக்கு வரும்; நடுவில் மின்சாரம் நின்றாலும் பழைய கோப்பு தப்பிவிடும்.

சொந்தமாகக் க்யூடயலாக் பெட்டியை வடிவமைப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அதனுள் வைக்கப்படும் ஒவ்வொரு க்யூபுஷ்பட்டனும் இயல்புப் பொத்தானாகும் தகுதியைத் தானாகவே பெற்றுவிடுகிறது. எதையும் குறிப்பிடாவிட்டால், எழுத்துப் பெட்டியில் பெயரைத் தட்டச்சிட்டுப் பழக்கத்தால் என்டர் அழுத்தும் பயனர், முதலில் நிற்கும் ‘நீக்கு’ பொத்தானை இயக்கிவிடக்கூடும். அழிக்கும் பொத்தான்களுக்குச் செட்ஆட்டோடிஃபால்ட் கட்டளையில் ‘பொய்’ என்று தருவது கட்டாயம்.

ஒரே செயல், பல இடங்கள்

‘சேமி’ என்பது மெனுவிலும் கருவிப்பட்டையிலும் குறுக்குவிசையிலும் வேண்டுமானால், மூன்றையும் தனித்தனியே எழுதாமல் க்யூஆக்‌ஷன் ஒன்றை உருவாக்கி இரு இடங்களிலும் சேர்க்க வேண்டும். வாசகம், படம், குறுக்குவிசை, இயங்கும் நிலை ஆகியவை அதிலேயே தங்கும், சிக்னலின் பெயர் ‘டிரிகர்ட்’. பழைய நூல்களைப் பார்த்து எழுதுவோருக்கு இறக்குமதி வரியில் பிழை வரக்கூடும்: க்யூட் 6 பதிப்பில் இந்த இனக்குழு க்யூட்விட்ஜெட்ஸ் தொகுதியிலிருந்து க்யூட்ஜியூஐ தொகுதிக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

நீண்ட நேரம் ஓடும் செயல்

பொத்தானோடு இணைத்த செயற்கூறு முடியும்வரை சாளரம் வரையப்படுவதும் நிற்கும், பிற அழுத்தங்களும் வரிசையில் காத்திருக்கும். ஆயிரம் படங்களைச் சுருக்கும் செயலை நேரடியாக இணைத்தால் சாளரம் உறைந்து, பயனர் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அழுத்த, அந்த அழுத்தங்கள் யாவும் பின்னர் ஒவ்வொன்றாக நிறைவேறும்.

1. செயல் தொடங்கியவுடன் செட்எனேபிள்ட் கட்டளையால் பொத்தானை முடக்கி, வாசகத்தைச் ‘சுருக்கப்படுகிறது…’ என்று மாற்ற வேண்டும்.

2. உழைப்பைக் க்யூத்ரெட் வழியாகத் தனி இழையில் ஓடவிட வேண்டும். இழை என்பது அதே நிரலுக்குள் பக்கவாட்டில் ஓடும் இன்னொரு வேலைத்தொடர்.

3. அந்த இழையிலிருந்து பொத்தானையோ சாளரத்தையோ நேரடியாகத் தொடலாகாது. முன்னேற்றத்தைச் சிக்னலாக அனுப்பி, முதன்மை இழையில் உள்ள செயற்கூற்றால் வாசகத்தை மாற்ற வேண்டும். இதை மீறிய நிரல் பல நாள் நன்றாக ஓடிவிட்டு, காரணம் காட்டாமல் ஒருநாள் விழும்.

4. வேலை வெற்றியடைந்தாலும் பிழையில் முடிந்தாலும் பொத்தான் மீண்டும் இயங்குநிலைக்கு வருவதை உறுதிசெய்ய வேண்டும்.

எச்சரிக்கை: உறைவதைத் தவிர்க்கப் பிராசஸ்ஈவன்ட்ஸ் கட்டளையை மடக்குக்குள் அழைக்கும் குறுக்குவழியைப் பலர் கைக்கொள்கின்றனர். அது நிலுவையிலுள்ள அழுத்தங்களையும் அந்த நொடியே நிறைவேற்றுவதால், பாதியில் நிற்கும் செயலுக்குள்ளேயே அதே செயல் மறுபடியும் தொடங்கிவிடக்கூடும்.

சோதித்துப் பார்த்தல்

1. சுட்டியைத் தொடாமல், தாவல் விசை, இடைவெளி விசை, என்டர், எஸ்கேப் ஆகியவற்றால் மட்டும் எல்லாப் பொத்தான்களையும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

2. எல்லா வாசகங்களையும் தற்காலிகமாக இருமடங்கு நீளமாக்கிப் பார்த்தால், எங்கே எழுத்து வெட்டுப்படுகிறது என்பது தெரியும்.

3. நிரலை முனையத்திலிருந்து ஓடவிட வேண்டும். சிக்னலோடு இணைத்த செயற்கூற்றில் பிழை நேர்ந்தால் பைசைடு அதை முனையத்தில் அச்சிட்டுவிட்டு நிரலைத் தொடரவிடுகிறது. முனையம் இல்லாவிட்டால் பொத்தான் ஒன்றும் செய்யாததுபோல் மட்டுமே தோன்றும்.

4. பொத்தானை வேகமாக இருமுறை அழுத்தி, செயல் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ண வேண்டும்.

5. படிப்பதற்கு மட்டும் எனப் பூட்டிய கோப்பு ஒன்றைத் திறந்து, ஓர் எழுத்தை மாற்றி, சாளரத்தை மூடி, ‘சேமி’யை அழுத்த வேண்டும். பிழைச் செய்தி வந்து, சாளரம் திறந்தபடியே இருந்து, மாற்றிய எழுத்தும் அங்கேயே இருந்தால் குளோஸ்ஈவன்ட் சரியாக எழுதப்பட்டிருக்கிறது.